இடப்பக்கம் இழுக்கும் வண்டி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்பவளுக்கு, கண்ணில் மண் விழுந்துகொண்டே இருக்கும்போது, குழைந்து பேச வராது. முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் தொழில். சுற்றுவட்டாரத்தில் மெஷின் வைத்து அளக்கும் கடைகள் நாலைந்து வந்துவிட்டன. நான் இன்னும் நூல் கட்டி அளக்கிறவள். அதனால் பெயரே நூலக்கா என்றாகிவிட்டது. மெஷின் கைவிட்ட வண்டிகள் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியபோது வாசலை அடைத்துக்கொண்டு என் தம்பியின் லாரி நின்றது. அவன் முன் பம்பரில் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவவில்லை, சட்டை மாற்றவில்லை. சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"யார் ரத்தம்டா அது?" என்று கேட்டேன்.

"என்னுது இல்லக்கா." ரத்தம் தெரியாதபடி சட்டைக் கையை மடித்துவிட்டான். "நேத்து சாயங்காலம் சைக்கிள்ல போன ஒரு அம்மாவைத் தட்டிட்டேன். தையல் கடை வெச்சிருக்காங்களாம். சாக்கடையில விழுந்து முழங்கை முறிஞ்சுபோச்சு. நான்தான் தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தேன்."

"உயிருக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல. ஆனா சக்கரத்துக்கும் அவங்க தலைக்கும் நடுவுல ஒரு சாண்தான்க்கா இருந்துச்சு. இந்த வண்டி இழுக்குது. இடப்பக்கம் இழுக்குது. ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருக்கேன், நீ காது குடுக்கல."

காது கொடுக்கவில்லை என்பது உண்மை. அந்த லாரி புதிது இல்லை, கைமாறி வந்த வண்டி. எட்டு மாதத்துக்கு முன் அவன் அதை வாங்கப் போனபோது நான்தான் கூடப் போனேன். அரை நாள் அதன் அடியில் படுத்துக் கிடந்து, ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்து, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குடா" என்று சொன்னேன். சொன்னது நான் என்பதால், அவன் போனில் இழுக்குது இழுக்குது என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் பார்த்துக் கொடுத்த வண்டியில் குறையா என்று அவனைக் கடித்துக் குதறினேன். என் வாய்க்குப் பயந்து, வழியில் இருந்த மெஷின் கடைகளில் மூன்று தடவை காட்டியிருக்கிறான். மூன்று பேரும் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று தடவையும் மறுநாளே இழுத்திருக்கிறது.

"நாலு மணிக்கு லோடு ஏத்தணும்," என்றான். "நாளைக்குப் போற ரோட்டுல ரெண்டு ஸ்கூல் இருக்கு. இந்த வண்டியை இப்படியே எடுத்துக்கிட்டு நான் அங்க போக மாட்டேன். ஓட்டாம இருந்தா எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. நீதான் ஏதாவது பண்ணணும்க்கா. இன்னொரு தடவை அந்த மாதிரி இறங்கி ஓடிப்போய் சக்கரத்துக்கு அடியில குனிஞ்சு பார்க்க என்னால முடியாது."

அவன் குரல் உடைந்தது. என்னைவிட ஆறு வயது சின்னவன். சின்ன வயதில் கை ஒடிந்து கட்டுப் போட்டபோதுகூட வாய் திறந்து அழாதவன். "உள்ளே கொண்டா," என்றேன்.

எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எப்போதிலிருந்து? பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய குழியில முன்சக்கரம் இறங்குச்சு. அதுலேர்ந்துதான்," என்றான்.

"அன்னிக்கே இழுத்துச்சா?"

"அதோட வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாளும் லீவு. அதுக்கப்புறம் எடுத்தப்போ இழுத்துச்சு."

ஏன் லீவு போட்டாய் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். என் புத்தி முழுக்க அந்தக் குழியிலேயே நின்றுவிட்டது. குழியில் இறங்கிய சக்கரம் எதையெல்லாம் கெடுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

முதலில் காற்றை அளந்தேன். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாயும். இரண்டு முன்சக்கரத்திலும் ஒரே காற்று. ஜாக்கி போட்டு முன்னச்சைத் தூக்கினேன். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறதோ அந்தக் கிங் பின் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும். கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. தம்பியை மேலே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தேன். தேய்ந்த மூட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் கிண்ணென்று இருந்தன.

"என்னக்கா, கிடைச்சுதா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"கிடைச்சா சொல்ல மாட்டேனா? வாயை மூடிக்கிட்டுத் திருப்பு."

ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குப் பிடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தன. நடு போல்ட் ஒடிந்தால் அச்சு ஒரு பக்கமாகப் பின்னால் நகர்ந்துவிடும், வண்டி நண்டு மாதிரி போகும். அதனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தேன். நகக்கண் அளவு வித்தியாசம்கூட இல்லை. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூலை இழுத்துக் கட்டினேன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டயரில் சாக்பீஸ் தடவிச் சுற்றவிட்டு, ஆணியால் கோடு கிழித்து, இரண்டு டயரின் கோடுகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அந்த மெஷின் கடைக்காரர்களைத் திட்டுவதற்குக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

டயர்தான் என்னை உறுத்தியது. இரண்டு மாதமாக ஒரு பக்கம் இழுக்கும் வண்டியின் டயர் ஓரம் சீவிவிட்டது போலத் தேய்ந்திருக்க வேண்டும். உள்ளங்கையால் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் அரம் போலப் பிடிக்கும். இது இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தது. மனிதர்கள் சொல்வதைவிட டயர் சொல்வதை நம்புகிறவள் நான். அன்று மட்டும் அதை நம்பாமல், இடது டயரைக் கழற்றி வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டேன். சில டயர்கள் உள்ளுக்குள் கோணியிருக்கும், அதையும் பார்த்துவிடலாம் என்று.

ஓட்டிப் பார்க்க நான் மட்டும் போனேன். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் சாலை வளைவே இல்லாத சாலை. அங்கே வேகம் எடுத்து இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன். வண்டி நேராகப் போனது. பிரேக்கை அழுத்தினேன். நேராக நின்றது. திரும்பி வரும்போதும் அப்படியே. இறங்கி இரண்டு முன்சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் தொட்டேன். ஒரு பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் சுடும். இரண்டும் ஒரே வெதுவெதுப்பு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். நான் பார்த்துக் கொடுத்த வண்டி தங்கமான வண்டி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். தம்பி வாசலிலேயே காத்திருந்தான்.

"இழுத்துச்சா?"

"கையை விட்டுட்டு ஓட்டினேன். கோடு போட்ட மாதிரி போகுது."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "உன்கிட்ட மட்டும் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போகுமாக்கும்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அப்போ நான் பொய் சொல்றேனா? அந்த அம்மா கை தானா முறிஞ்சுதா? வண்டியில ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் என்னக்கா?"

அப்புறம் என்ன? அவனுக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது. வண்டியில் தூங்கி வழிகிறவன் இல்லை. பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறான், ஒரு கோழிமேல்கூட ஏற்றியதில்லை. கோளாறு வண்டியில் இல்லை என்றால் அவனிடம் இருக்க வேண்டும். அவனிடம் இருக்கக் கூடாது. அதுவரை வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவள், அந்த நிமிஷத்திலிருந்து ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். எட்டு மாதத்துக்கு முன் நான் கவனிக்காமல் விட்டதாகவே இருக்கட்டும். நூலக்காவின் மானம் கப்பலேறட்டும். ஒரு விரிசல் கிடைத்தால் போதும்.

மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன். பார்த்ததையே பார்த்தேன், நெம்பியதையே நெம்பினேன். ஸ்பிரிங்கின் பின்முனை லாரியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம் இருக்கும். இடப்பக்கத்துப் புஷ் கடப்பாரைக்கு இம்மியளவு அசைந்தது. இரண்டு வருஷம் ஓடிய எந்த லாரியிலும் அவ்வளவு அசைவு இருக்கும். வேறொரு நாள் வேறொரு டிரைவர் அதைக் காட்டியிருந்தால், இதுக்கா என்னை எழுப்பினே என்று திட்டி அனுப்பியிருப்பேன். அன்று அதைக் கண்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கிடைச்சிடுச்சுடா," என்று கூப்பிட்டேன்.

அவன் ஓடிவந்து என் பக்கத்தில் மண்ணில் படுத்துக்கொண்டான். "இதுவா? இதுதானா?" என்று அந்தச் சின்ன ரப்பர் துண்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். இரண்டு பேருமாகப் பழைய புஷ்ஷை அடித்து வெளியே எடுத்துப் புதியதை ஏற்றினோம். அவன் வாய் ஓயாமல் பேசினான். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் அந்த அம்மாவின் கடையைத் தினமும் திறந்து மூடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். மெஷின் கடைக்காரன்களுக்கு இதைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறானாம். நடுவில் பாட்டு வேறு. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் போல்ட்டை முடுக்கினேன். நான் செய்துகொண்டிருந்தது பொய் என்று என் கைக்குத் தெரியும்.

மணி பன்னிரண்டரை. "நீயே ஓட்டு," என்று சொல்லிவிட்டு இடப்பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினான். கியர் விழும் சத்தமே கேட்காது, அவன் கை அப்படி. கிடங்குச் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. நான் சாலையைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தேன். வண்டி இழுத்தால் ஸ்டியரிங் கையை மீறும், ஓட்டுபவன் எதிர்த்துப் பிடிப்பான், முன்கையில் நரம்பு புடைக்கும். அவன் கை தளர்வாகத்தான் இருந்தது. அவனேதான் திருப்பிக்கொண்டிருந்தான். தான் திருப்புவது அவனுக்குத் தெரியவில்லை.

தலையைத் தூக்கினால், எங்களுக்கு முன்னால் ஓரமாக ஒருவர் பழைய இரும்பு ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவருடைய முதுகு நேராக எங்கள் பம்பருக்கு வந்துகொண்டிருந்தது. தம்பியின் கால் பிரேக்குக்குப் போகவில்லை. நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். பக்கக் கண்ணாடி அவர் தோளை உரசாமல் மயிரிழையில் விலகிப் போனது. அவர் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவது பின்னால் கேட்டது.

தம்பி வண்டியை நிறுத்திவிட்டுக் கோபமாக என் பக்கம் திரும்பினான்.

"எதுக்குக்கா ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்குறே?"

"தள்ளுவண்டி தெரியலையா உனக்கு?"

"எந்தத் தள்ளுவண்டி?" என்றான்.

அவன் நடிக்கவில்லை. பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவக்கும், அது எனக்கு நன்றாகத் தெரியும். காது சாதாரணமாக இருந்தது. அவனை இறங்கி இந்தப் பக்கம் வரச் சொல்லிவிட்டு நான் ஓட்டினேன். வழியெல்லாம் எதுக்கு, எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஷெட்டில் நிறுத்தியதும் சாவியை அவன் உருவி எடுத்துக்கொண்டான். நான் அடியில் போகாமல், அன்றைக்கு முதல் தடவையாக வண்டியைச் சுற்றி நடந்தேன். காலையிலேயே நடந்திருக்க வேண்டும். கோளாறு என்று சொன்னால் நேராக அடியில் போய்ப் படுத்துவிடுவது எங்கள் தொழில்காரர்களின் வியாதி. இடப்பக்கத்துக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி வளைந்து மறுபடி நிமிர்த்தப்பட்டிருந்தது. இடப்பக்கத்துப் படி நசுங்கியிருந்தது. பின்பலகையின் இடது மூலையில் பெயின்ட் சிராய்த்திருந்தது. நான் வலப்பக்கம் மாற்றிப் போட்டிருந்த இடது டயரின் பக்கவாட்டில், நடைபாதைக் கல்லின் உயரத்துக்கு, சுற்றிலும் உரசிய வட்டங்கள், பழையதும் புதியதுமாக. தரையில் ஓடும் பரப்பைத் தடவித் தடவிப் பார்த்தவள் பக்கவாட்டைப் பார்க்கவில்லை. லாரியின் வலப்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது.

அந்த நேரத்தில் தம்பியின் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அவன் ஸ்டூலில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் சோறு போட்டு எடுத்துப்போய் அவன் இடப்பக்கம் நின்று நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பாருங்க அண்ணி," என்றாள், அலுப்பும் கேலியுமாக. "ரெண்டு மாசமா இதே கதைதான். இந்தப் பக்கம் வந்து நின்னா மகாராஜாவுக்கு நான் கண்ணுலயே பட மாட்டேன். சாப்பாட்டையும் பாதியை அப்படியே தட்டுல வெச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் போடும்பாரு."

"எந்தப் பாதி?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணி?"

"தட்டுல எந்தப் பாதி மிச்சம் இருக்கும்?"

அவள் கையிலிருந்த தட்டைத் தனக்கு முன்னால் பிடித்து யோசித்தாள். "இந்தப் பாதி," என்று இடது ஓரத்தைக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"வண்டி குழியில இறங்குச்சே, மறுநாள் எதுக்கு லீவு போட்டான்?"

"தலைவலி அண்ணி. அன்னிக்குக் காலையிலேர்ந்தே மண்டையைப் பிளக்குதுன்னாரு. சாயங்காலம் ஒரே வாந்தி. ரெண்டு நாள் படுத்திருந்தாரு, அப்புறம் சரியாப்போச்சு. அக்காகிட்ட சொல்லாதே, திட்டும்னு சொன்னாரு."

எப்போதிலிருந்து என்று காலையில் நான் கேட்டதற்குச் சரியான பதில் இதுதான். குழியால் வண்டிக்கு எதுவும் ஆகவில்லை. தலைக்குள் என்னவோ ஆனதால்தான் அவன் குழியில் இறங்கியிருக்கிறான். அக்கா திட்டும் என்ற பயத்தில் இரண்டு மாதம் போயிருக்கிறது. என் வாயை அறுத்துப் போட்டால்கூடத் தகும் என்று இருந்தது.

அவனை ஸ்டூலோடு ஷெட்டின் நடுவுக்கு நகர்த்தினேன். எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. ஆணியில் நூலைக் கட்டி, மறு முனையை அவன் மூக்குக்கு நேராக, தலையை உரசியபடி மேலாகக் கொண்டுபோய், பின்னால் இருந்த தூணில் இழுத்துக் கட்டினேன்.

"அந்த ஆணியையே பாரு. தலையைத் திருப்பாதே. என் கை தெரிஞ்சதும் தெரியுதுன்னு சொல்லு."

"வண்டி அங்க நிக்குது. என்னை எதுக்குக்கா அளக்குறே?"

"சொன்னதைச் செய்டா."

வலப்பக்கம் நின்று, அவன் காதுக்கு நேராகக் கையை நீட்டினேன். நீட்டி முடிப்பதற்குள் "தெரியுது" என்றான். இடப்பக்கம் போனேன். காதுக்கு நேராகக் கையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். அவன் ஆணியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையைக் காட்டுக்கா," என்றான்.

"காட்டிக்கிட்டுத்தான்டா இருக்கேன்."

அப்போதும் அவன் தலையைத் திருப்பவில்லை. நான் சொல்லிவிட்டால் அப்படித்தான் கேட்பான், சின்ன வயதிலிருந்தே. என் கை நூலைத் தொட்டு, நூலைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகுதான் "தெரியுது" என்றான், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

வலது கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தேன். இடது கண்ணை மூடச் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கண்ணை மூடினாலும் நூலுக்கு வலப்பக்கம்தான் உலகம், இடப்பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நாளில், ஒரே பக்கமாகப் பாதி அணைந்துபோனால் பல்பை யாரும் சந்தேகப்பட மாட்டோம். கோளாறு பின்னால், ஒயரிங்கில் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

அவன் எழுந்து லாரியிடம் போனான். பம்பரில் கையை வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அக்கா," என்றான். "ரெண்டு முன்சக்கரத்தையும் சேர்க்குற அந்த டை ராடு பழசுதானே. அதை மாத்திடு."

"அது நல்லா இருக்குடா."

"கிங் பின்னை மாத்து. ஸ்பிரிங்கை மாத்து. முன்னச்சையே கழட்டி வேற போடு. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. வண்டியிலதான் கோளாறுன்னு சொல்லுக்கா. நீ சொன்னா நான் நம்பிடுவேன்."

அவன் அழுதான். நானும் அழுதேன். வாடிக்கையாளர்களை வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பும் எனக்கு ஒரு பொய் சொல்லவா தெரியாது? அந்தப் புஷ்ஷைக் காட்டி இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் போதும். நாலு மணிக்கு லோடு ஏற்றுவான். நாளைக்கு இரண்டு பள்ளிக்கூடங்களைத் தாண்டிப் போவான்.

"வாங்கும்போது நான் சொன்னதைத்தானே நம்பி வாங்கினே?" என்றேன். "இப்பவும் நம்பு. வண்டி நல்லா இருக்குடா."

அவன் சாவியைக் கைக்குள் இறுக்கி மூடி வைத்திருந்தான். பதினெட்டு வருஷத்தில் அவன் தன் வண்டிச் சாவியை என்னைத் தவிர யார் கையிலும் கொடுத்ததில்லை. நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அவனுடைய இடப்பக்கம் நிற்கிறேன் என்று உறைத்தது. சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று மறுபடி நீட்டினேன். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது.

"நாலு மணி லோடு?" என்றான்.

"அவங்களுக்கு நான் போன் பண்ணிக்கிறேன். ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆட்டோ கூப்பிடலாம் என்று அவன் மனைவி சொன்னாள். வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் நடுவில் உட்கார்ந்தாள், அவன் இடப்பக்கத்து ஜன்னலோரம். சாப்பாட்டுத் தட்டு ஸ்டூலிலேயே இருந்துவிட்டது. வாசலைத் தாண்டும்போது நான் வேண்டுமென்றே ஒரு நொடி கையைத் தளர்த்தினேன். இழுக்க மாட்டாயா என்று கடைசியாக ஒரு தடவை அந்த வண்டியைக் கெஞ்சினேன். அது நேராகப் போனது.

கடைத்தெருவில் கூட்டம். ஓரமாக ஊர்ந்துதான் போக முடிந்தது. இந்த மாதிரி நெரிசலில் பக்கத்தில் உட்கார்ந்தால், இடம் இருக்கு வா, பைக் வருது நில்லு என்று அவன் வாய் சும்மா இருக்காது. அன்று சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கழுத்தை முழுக்கத் திருப்பி, நெற்றி ஜன்னல் கண்ணாடியில் முட்டும்படி வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அவன் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சக்கரத்தை ஒட்டி சைக்கிள்கள் போயின. பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பேர் கைகோத்து நடந்தார்கள். ஒருவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தபடி ஒரு பெண் எங்கள் ஜன்னலுக்கு அடியிலேயே நடந்து வந்தாள்.

"அக்கா," என்றான் திரும்பாமல். "இந்தப் பக்கம் இவ்வளவு பேரா போறாங்க?"

நான் பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினான். "நேத்து அந்த அம்மா," என்றான். "எவ்வளவு தூரம் என் பக்கத்துலயே வந்திருப்பாங்க?"